சூரை ராஜ்யமும் சுண்டுவிரல் மீனும்!

‘சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது’ என்ற வசனம் நம் ஊரில் ரொம்பப் பிரபலம். தீபாவளிக்கு மேலதிகாரி வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸோடு போகிறவர், ஐந்து வருஷம் தொகுதிப் பக்கமே தலைகாட்டாமல் இருந்துவிட்டுத் தேர்தல் நேரத்தில் குத்துவிளக்கு கொடுக்கிறவர், ‘முதல் மாசம் வட்டியே கிடையாது சார்’ என்று போனில் குழைகிறவர்... எல்லோருக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும். கேட்டதும் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஆனால், இந்த வசனத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், பல நூறு வருஷங்களாக ஒரு தேசமே தொழிலாகச் செய்து வருகிறது என்றால் நம்புவீர்களா? அந்தத் தேசம் ஒன்றும் தொலைதூரத்தில் இல்லை. குமரி முனையிலிருந்து தென்மேற்கே, கடலில் சிந்திய அரிசிமணிகள் மாதிரி சிதறிக்கிடக்கும் மாலத்தீவு! சுமார் 1,200 குட்டிக் குட்டித் தீவுகள். நெல் விளையாது. கோதுமை விளையாது. மலை இல்லை, ஆறு இல்லை, தோண்டினால் இரும்போ தங்கமோ கிடைக்காது. இருப்பதெல்லாம் தென்னை, மணல், பவளப்பாறை, கடல். இந்த முதலீட்டை வைத்துக்கொண்டு ஒரு ராஜ்யம் நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது எப்படி?

பதில், ஒருவேளை உங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருக்கலாம். தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். மாசி! விறகுக்கட்டை மாதிரி கறுத்து, காய்ந்து, சுத்தியலால் தட்டினால் ‘டங்’கென்று சத்தம் போடும் கருவாடு. இடித்துத் தூளாக்கித் தேங்காய்த் துருவல், மிளகாய், வெங்காயத்தோடு சேர்த்தால் சம்பல். இலங்கையில் மாசி இல்லாத சமையல்கட்டு அபூர்வம். மாலத்தீவின் திவேஹி மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். அந்த ‘மஸ்’தான் நம்மிடம் ‘மாசி’ ஆனது என்பார்கள். பதிலுக்கு நம்மிடமும் அவர்களிடமும் ஒன்றாக இருக்கும் இன்னொரு சொல்லைக் கேளுங்கள். அவர்களுடைய மீன்பிடிப் படகுக்குப் பெயர் ‘மஸ்தோணி’. ஆமாம், நம்ம தோணியேதான்!

இந்த மாசிக்கு ஒரு மிகப் பழைய சாட்சி உண்டு. மொராக்கோவிலிருந்து கிளம்பி உலகத்தையே சுற்றிய இபன் பதூதா, 1343-ம் ஆண்டு மாலத்தீவில் வந்து இறங்கினார். அப்போது அங்கே ஆட்சி செய்தது ஒரு ராணி, கதீஜா. ஊர் சுற்ற வந்தவரைப் பிடித்து, காஜியாக, அதாவது நீதிபதியாக உட்கார வைத்துவிட்டார்கள். அவரும் வஞ்சனை இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டார், ஒன்றல்ல... நான்கு! நாடு, நகரம், உடை, ஒழுக்கம் என்று எல்லாவற்றையும் குறிப்பெடுத்த மனிதர், அங்கத்து மீனையும் விட்டுவைக்கவில்லை. சிவந்த சதை, கொழுப்பு இல்லை, ஆட்டுக்கறி மாதிரி வாசம், நான்காக அரிந்து லேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் போட்டுப் புகையில் தொங்கவிடுகிறார்கள், காய்ந்ததும் இந்தியா, சீனா, ஏமன் வரைக்கும் போகிறது என்று விவரமாக எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கு நாம் வாங்கும் மாசிக்கும் அன்றைய செய்முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சும்மா எழுதிவிட்டுப் போனாரா என்றால், இல்லை. அமைச்சரோடு முட்டிக்கொண்டு, கோபத்தோடு கிளம்பி, இலங்கை வழியாக 1344-ல் நம் கரைக்கு வந்துசேர்ந்தார். அப்போது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி. கியாசுதீன் என்பவர் சுல்தான். உறவு முறையில் இபன் பதூதாவுக்குச் சகலை! இருவரும் உட்கார்ந்து போட்ட திட்டம் என்ன தெரியுமா? மாலத்தீவின் மீது படையெடுப்பது! கப்பல்களைத் தயார் செய்ய மூன்று மாதமாவது ஆகும் என்றார்கள். அதற்குள் மதுரையில் கொள்ளைநோய் புகுந்தது, சுல்தான் இறந்துபோனார், திட்டம் கடைசிவரை நிறைவேறவே இல்லை. மதுரைப் படை ஒன்று மாலத்தீவுக்குப் போயிருந்தால் சரித்திரம் எப்படித் திரும்பியிருக்குமோ!

சரி, மாசிக்கு வருவோம். இபன் பதூதா பார்த்தது கரைக்கு வந்த பிறகு நடக்கும் சங்கதி. கடலுக்குள் என்ன நடக்கிறது?

மாசியாக மாறுவது சூரை மீன். வயிற்றில் வரிவரியாகக் கோடு போட்ட, ஆங்கிலத்தில் ‘ஸ்கிப்ஜாக் டூனா’ எனப்படும் வகை. இது பவளப்பாறை ஓரம் வந்து வாலாட்டும் மீன் இல்லை. நடுக்கடலில், கூட்டம் கூட்டமாக, ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஜாதி. நாலு மைல் தள்ளி ஓடும் கூட்டத்தைத் துரத்திப் பிடிப்பது, பாய்மரப் படகு வைத்திருக்கும் மனிதனால் ஆகிற காரியமா? ஆகாது. அதனால் மாலத்தீவுக்காரன் துரத்தவில்லை. விருந்து வைத்து அழைத்தான்!

அந்த விருந்தை நேரில் பார்த்து எழுதியவர் பிரான்சுவா பிரார் என்ற பிரெஞ்சுக்காரர். 1602-ல் அவர் வந்த கப்பல் மாலத்தீவுப் பாறையில் மோதி உடைந்தது. பிழைத்தவர்களைத் தீவுக்காரர்கள் பிடித்துவைத்துக் கொண்டார்கள். 1607 வரைக்கும் அங்கேயே வாசம். மொழியைக் கற்றுக்கொண்டு, வேறு வேலை இல்லாததால் எல்லாவற்றையும் கண்கொட்டாமல் கவனித்தார். மீனவர்கள் தினமும் காலையில் ஆழமில்லாத இடங்களுக்குப் போய்ப் பொடி மீன்களைப் பிடிக்கிறார்கள். கயிற்றால் பின்னிய பைகளில் போட்டு, படகின் பின்னால் கடல்நீரிலேயே மிதக்கவிட்டு, உயிரோடு இழுத்துப் போகிறார்கள். ஆழ்கடலுக்குப் போனதும் அவற்றை அள்ளி வீசுகிறார்கள். அங்கே வழக்கமாகக் கிடைக்காத பொடி மீனைக் கண்டதும் பெரிய மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து வருகின்றன. தூண்டிலில் இரையே கிடையாது, வெள்ளை வெளேரென்ற முள் மட்டும்தான்... இதெல்லாம் அவர் எழுதி வைத்த தகவல்கள். நானூறு வருஷம் தாண்டியும் அடிப்படை மாறவில்லை.

கயிற்றுப் பை போய், பிற்காலத்தில் அதைவிட அற்புதமான ஏற்பாடு ஒன்று வந்தது. படகு கட்டுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், அவருடைய முதல் கவலை தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பதுதான். மாலத்தீவுத் தச்சரோ, பாடுபட்டுப் படகைக் கட்டிமுடித்துவிட்டு, அதன் அடியில் வேண்டுமென்றே ஓட்டை போடுவார்! படகின் நடுப்பகுதியைத் தடுத்து ஒரு தொட்டி மாதிரி ஆக்கியிருப்பார்கள். அதன் அடிப்பலகையில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அடைப்பான். இரை மீனைத் தொட்டியில் விட்டதும் அடைப்பானைப் பிடுங்கிவிடுவார்கள். குபுகுபுவென்று கடல்நீர் உள்ளே வரும். தடுப்பைத் தாண்டி வழிகிற தண்ணீரைப் பின்பக்கம் இரண்டு பேர் விடாமல் இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே வருகிற தண்ணீரும் வெளியே போகிற தண்ணீரும் சமமாக இருக்க வேண்டும். இறைப்பவர் அசந்தால் படகு மூழ்கும், துளையை அடைத்தால் மீன் செத்துப்போகும். இரை மீனின் மூச்சுக்காகத் தன் படகையே பாதி மூழ்கவிட்டுப் பயணம் போன மனிதர்கள்!

அப்படி என்ன செல்லம் அந்த மீனுக்கு?

இப்போதுதான் நம் கதாநாயகன் மேடைக்கு வருகிறான். மாலத்தீவில் பெயர் ‘ரேஹி’. விஞ்ஞானப் பெயர் ‘ஸ்ப்ராட்டெலாய்டிஸ் கிராசிலிஸ்’. பெயர்தான் நீளம், ஆள் சுண்டுவிரல் அளவு. எவ்வளவு வளர்ந்தாலும் பத்து சென்டிமீட்டரைச் சுற்றித்தான். உருண்டு மெலிந்த உடம்பு, பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரைக்கும் வெள்ளிச் சரிகை மாதிரி ஒரு பட்டை. மத்தி, நெத்திலி எல்லாம் சேர்ந்த பெரிய வம்சத்தில் இதுவும் ஒரு கிளை. இதற்கு ஒரு பங்காளியும் உண்டு. ‘ஹொந்தெலி’ என்று பெயர், முதுகு நீலம், வெள்ளிப் பட்டை கிடையாது. இந்த இரண்டும் போதாத நாளில் நெத்திலி வகைகள், பாறையை ஒட்டி வாழும் குட்டி மீன்கள் என்று வேறு சிலதும் இரையாகும். ஆனால், மாலத்தீவுச் சூரைக்குப் பிடித்த முதல் பண்டம் ரேஹிதான்.

ரேஹி வாழும் இடத்தைக் கவனியுங்கள். மாலத்தீவில் தீவுகள் வளையம் வளையமாக இருக்கும். வளையத்தின் விளிம்பில் பவளப்பாறை, நடுவில் கண்ணாடி மாதிரித் தெளிந்த, ஆழம் குறைந்த கடல். வெளியே பேரலை அடித்தாலும் உள்ளே ஏரி மாதிரி அமைதி. இந்த உள்கடலில், பாறை ஓரமாக, ஆயிரக்கணக்கில் சேர்ந்து திரியும். தின்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மிதவைப் பூச்சிகள். மழைக்காற்று திசை மாறினால் நீரோட்டம் மாறும், நீரோட்டம் மாறினால் மிதவை உயிர்கள் சேரும் இடம் மாறும், ரேஹியும் இடம் மாறும். எந்தக் காற்றுக்கு எந்தப் பாறை என்பது அந்த ஊர் மாலுமிகளின் மனப்பாடம்.

பெரும்பாலான கடல்மீன்கள் முட்டையைக் கடலோடு கலந்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டுப் போய்விடும். முட்டை மிதந்து எங்கேயோ போய்ப் பொரியும். ரேஹி அப்படியில்லை. இதன் முட்டை ஒட்டும் குணம் உள்ளது. கரையோர மணல் தரையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதாவது, இந்த மீனுக்குத் தெளிந்த தண்ணீர் மட்டும் போதாது, நல்ல தரையும் வேண்டும். இந்தத் தகவலை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

இதன் ஆயுளைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மீன்களின் காதுக்குள் ஒரு பொடிக் கல் இருக்கும். மரத்துக்கு வருஷ வளையம் மாதிரி, இந்த வகை மீன்களின் காதுக்கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழும். அதை உருப்பெருக்கியில் வைத்து எண்ணினால் மீனின் வயசு நாள் கணக்கில் சொல்லிவிடலாம். அப்படி எண்ணிய விஞ்ஞானிகள் கண்டது: இந்தக் குடும்பத்து மீன்களின் ஆயுளே அதிகபட்சம் நாலைந்து மாசம்தான்! நம் கல்லூரிகளின் ஒரு செமஸ்டர் முடிவதற்குள், இது பிறந்து, வளர்ந்து, பல தடவை முட்டையிட்டு, கதையையும் முடித்துக்கொண்டு போய்விடும்.

இதில் ஒரு நல்லது, ஒரு கெட்டது இரண்டும் உண்டு. நல்லது, எவ்வளவு பிடித்தாலும் சீக்கிரம் திரும்ப நிரம்பிவிடும். கெட்டது, சேமிப்பு என்பதே கிடையாது. பத்து வருஷம் வாழும் மீன் என்றால், ஒரு வருஷம் குஞ்சு பொரிக்காவிட்டாலும் அண்ணன், அக்கா மீன்கள் கடலில் இருக்கும். ரேஹிக்கு அந்த வசதி கிடையாது. நாலைந்து மாசம் சரியாகப் பொரிக்கவில்லை என்றால் அந்தப் பாறையில் ரேஹியே இல்லை. தினக்கூலிக் குடும்பம் மாதிரிதான், அன்றாடம் வந்தால் அடுப்பு எரியும்.

கூடவே மகா தொட்டாற்சிணுங்கி. கை பட்டாலே செதில் உதிரும், செதில் உதிர்ந்தால் செத்துப்போகும். அதனால்தான் அந்த ஓட்டைப் படகு ராஜோபசாரம்.

ஜப்பானின் தெற்கே ககோஷிமா பக்கம் இதே மீனைக் ‘கிபினாகோ’ என்று கொண்டாடுகிறார்கள். பச்சையாகவே அரிந்து, தட்டில் சாமந்திப்பூ மாதிரி அடுக்கி வைப்பார்கள். அங்கே அது விருந்து. மாலத்தீவில் அது விருந்தாளியை வரவழைக்கிற விருந்து!

விடிவதற்கு முன்னால் பாறை ஓரம் போய், சின்னக் கண் வலையைக் கழிகளால் தண்ணீருக்குள் அமிழ்த்தி விரித்து, அதன்மேல் அரைத்த மீன்சதையைத் தூவுவார்கள். ரேஹி கூட்டம் வந்து மொய்க்கும்போது வலையைத் தூக்க வேண்டியது. தொட்டி நிரம்பியதும் நடுக்கடல். கண் தண்ணீரில் இருக்காது, வானத்தில் இருக்கும். கடல்பறவைகள் எங்கே வட்டமிட்டுத் தலைகுப்புற விழுகின்றனவோ, அங்கே கீழே சூரை. கிட்டே போனதும் ஒருவர் கைகையாக ரேஹியை அள்ளி வீசுவார். பின்பக்கம் நிற்பவர்கள் தண்ணீரை வாரி வாரி மழை மாதிரி தெளிப்பார்கள். இந்தக் காலத்துப் படகுகளில் அந்த வேலையை பம்ப் செய்கிறது. பொடி மீன் துள்ளுகிற மாதிரி நீர்ப்பரப்பு கொதிக்கும். சூரைக்கு வெறி பிடிக்கும். எது மீன், எது முள் என்று பார்க்காமல் கவ்வும். நீளக் கழியைச் சுண்டினால் மீன் தலைக்கு மேலே பறந்து தளத்தில் விழும். தூண்டில் முள்ளில் எதிர்க்கொக்கி கிடையாது, அதனால் மீன் தானே கழன்றுகொள்ளும். கழி மறுபடி கடலுக்கு. சில நிமிஷத்தில் சில நூறு மீன்!

கவனித்தீர்களா? ஒரு மீன், ஒரு முள், ஒரு ஆள். தேவையில்லாத ஆமையோ, டால்பினோ சிக்குவதற்கு இங்கே வழியே இல்லை. இந்தக் காலத்துச் சூழல் அறிவியல் வந்து பாடம் எடுப்பதற்குப் பல நூறு வருஷம் முன்பே, யாரும் சொல்லித்தராமல் வந்த நேர்த்தி.

இந்தியாவுக்குள்ளேயே இதே கலை வாழும் தீவு ஒன்று உண்டு. லட்சத்தீவுகளில் தெற்குக்கோடியில் இருக்கும் மினிக்காய். பேச்சும் மாலத்தீவு மொழியின் வகைதான், தொழிலும் அதே. நம் மண்டபம் முகாமில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், ரயிலில் ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்துக்கு முன்னால் கடந்துபோகும் அதே மண்டபம்தான், 1950-களில் மினிக்காய்ப் பக்கம் கண்ணைத் திருப்பியது. நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ்.ஜோன்ஸ், 1958-ல் மினிக்காயின் இரை மீன் பிடிப்பைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். யாருமே திரும்பிப் பார்க்காத ஒரு பொடி மீனுக்கு விஞ்ஞானப் பத்திரிகையில் கிடைத்த முதல் மரியாதைகளில் அது ஒன்று. பெரிய மீனைப் பற்றி எழுதினால் பெயர் கிடைக்கும். அவரோ பெரிய மீனின் சாப்பாட்டைப் பற்றி எழுதினார்.

அது எவ்வளவு முக்கியமான கேள்வி என்பது, உலகத்தின் இன்னொரு மூலையில் அதே காலகட்டத்தில் நடந்த கதையைப் பார்த்தால் புரியும்.

அமெரிக்காவின் சான் டியகோ துறைமுகத்திலும் ஒரு காலத்தில் தூண்டில் கழிப் படகுகள்தான். உயிருள்ள இரையை ஏற்றிக்கொண்டு மத்திய அமெரிக்கக் கடல் வரைக்கும் சூரை தேடிப் போவார்கள். போகிற வழியில் இரை பிடிக்க அவர்கள் நம்பியது ‘அஞ்சொவேட்டா’ என்ற வெப்பமண்டல நெத்திலியை. கோஸ்டா ரிக்கா நாட்டின் நிக்கோயா வளைகுடாவில் அது மண்டிக் கிடந்தது. 1940-களின் கடைசியில் ஒருநாள் பார்த்தால், வளைகுடா காலி! அந்த நெத்திலி காணாமலே போய்விட்டது. 1949-ல் அமெரிக்காவும் கோஸ்டா ரிக்காவும் ஒப்பந்தம் போட்டு ஒரு சூரை ஆணையம் அமைத்தபோது, சூரையோடு சேர்த்து இரை மீனையும், அதிலும் குறிப்பாக அஞ்சொவேட்டாவையும் ஆராய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள். 1950-களில் பனாமா பக்கமிருந்து அந்த மீனைக் கொண்டுவந்து வளைகுடாவில் விட்டும் பார்த்தார்கள்.

ஆனால், படகு முதலாளிகள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நைலான் வலை வந்தது, அதைத் தூக்க இயந்திரக் கப்பி வந்தது. இரை தேடி அலைவானேன், உயிரோடு காப்பாற்றுவானேன்? கழிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, 1950-களின் கடைசியிலிருந்து சில வருஷங்களுக்குள் பெரும்பாலான படகுகள் சுருக்கு வலைக்கு மாறின. மீன்கூட்டத்தையே வளைத்து, அடிப்பக்கம் சுருக்கி, மொத்தமாக அள்ளுவது. அந்தக் கடலில் மஞ்சள் துடுப்புச் சூரைகள் டால்பின்களுக்குக் கீழேயே நீந்தும் வழக்கம். சூரையை வளைத்த வலை டால்பினையும் வளைத்தது. லட்சக்கணக்கில் டால்பின்கள் மூச்சுமுட்டிச் செத்தன. ஊர் உலகமே கொதித்தது. 1972-ல் அமெரிக்கா கடல் பாலூட்டிகளைக் காப்பாற்ற ஒரு சட்டமே கொண்டுவர, இந்தச் சாவுகளும் ஒரு காரணம்.

சங்கிலியைப் பாருங்கள். பொடி மீனைத் தேடிப் பிடித்து வளர்ப்பதே தொல்லை என்று ஒதுக்கினார்கள், கழியும் கூடவே போனது. கழி போன இடத்தில் வலை வந்தது.

மாலத்தீவுக்கும் சோதனை வராமல் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்த இலங்கை, இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. மாசியின் தலையாய சந்தையே மூடிக்கொண்டது. நூற்றாண்டுகளாக மாசியைக் கொடுத்து அரிசி வாங்கிய நாடு ஆடிப்போனது. கைகொடுத்தது ஜப்பான் கம்பெனிகள். மாசி வேண்டாம், பச்சை மீனைக் கொடு, பனிக்கட்டியில் உறையவைத்து எடுத்துப் போகிறோம் என்றார்கள். 1974 வாக்கில் மஸ்தோணிகளில் எஞ்சின் ஏறத் தொடங்கியது. பாய் இறங்கியது. படகுகள் தொலைவாகப் போயின, அடிக்கடி போயின, பெரிதாகவும் ஆயின. சூரை எகிறியது. சூரை எகிறினால்? ரேஹியும் அதே அளவுக்கு வேண்டுமே! அப்புறம் இரவில் விளக்குப் போட்டு இரையைக் கூட்டிப் பிடிக்கும் பழக்கமும் பரவியது.

இவ்வளவுக்கும் நடுவில் மாலத்தீவு ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தது. சூரைக்குச் சுருக்கு வலை போட விடவில்லை. அதன் பலன், 2012-ல் அவர்களுடைய கழிச் சூரைக்கு, ‘கடலைக் கெடுக்காமல் பிடித்த மீன்’ என்ற சர்வதேச முத்திரை கிடைத்தது. முத்திரை தருவது மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்ற அமைப்பு. ஐரோப்பியக் கடைகளில் அந்த டப்பாவுக்குத் தனி மவுசு. டப்பாவின் மேல் சூரையின் பெயர் இருக்கும். ரேஹியின் பெயரைத் தேடாதீர்கள்!

இந்த மறதி டப்பாவோடு நிற்கவில்லை. மாலத்தீவில் எந்த வகைச் சூரை எவ்வளவு பிடிபட்டது என்பதற்கு 1970-லிருந்தே வருஷவாரியாகக் கணக்கு உண்டு. உலகத்தில் பல பெரிய நாடுகளுக்கே இல்லாத ஒழுங்கு. ஆனால், இரை மீனையும் சேர்த்து எழுதும் முறையான பதிவேடு படகுகளுக்கு வந்தது 2010 வாக்கில்தான். வரவைப் பைசா பைசாவாக எழுதிய வீடு, முதலை எழுத மறந்துவிட்ட கதை!

முதல் எங்கே இருக்கிறது? பவளப்பாறையிலும் அதன் மணலிலும். அங்கேதான் அடி விழுந்தது. 1998-ல் எல் நினோ கடலைக் காய்ச்சியது. வெப்பம் தாங்காத பவளங்கள், தங்களுக்குள் குடியிருந்த நிறம் தரும் நுண்ணுயிர்ப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போயின. மாலத்தீவில் ஆழமில்லாத இடங்களில் இருந்த பவளங்களில் மிகப் பெரும்பகுதி செத்தது. மெல்ல மெல்லத் தேறிவரும்போது 2016-ல் மறுபடி. 2024-ல் மறுபடியும், உலகம் முழுக்கவே. லட்சத்தீவும் தப்பவில்லை. பவளக் கிளைகளுக்கு நடுவிலேயே வீடு கட்டிக்கொள்ளும் குட்டி இரை மீன்களுக்கு, அது ஊரே இடிந்த மாதிரி.

ரேஹியின் முட்டை மணலில் ஒட்டும் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? தீவுகளில் இடம் போதவில்லை. விமான ஓடுதளம், துறைமுகம், ஓட்டல், புதுக் குடியிருப்பு... எல்லாவற்றுக்கும் உள்கடலைத் தோண்டி, அந்த மணலைக் கொட்டித்தான் தரை உண்டாக்குகிறார்கள். தோண்டும்போது முட்டை ஒட்ட வேண்டிய தரை போகிறது, தெளிந்திருக்க வேண்டிய தண்ணீர் கலங்குகிறது. பத்து வருஷம் வாழும் மீன் என்றால் ஒரு வருஷக் கலங்கலைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு செமஸ்டர் ஆயுள் கொண்ட மீன் என்ன செய்யும்? வீடில்லாதவனுக்கு வீடும் வேண்டும் என்பது நியாயம்தான். மாலே நகரத்தின் நெரிசலைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால், எந்த உள்கடலைத் தோண்டலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவெடுக்கும் மேஜையில், ரேஹிக்கு ஒரு நாற்காலி போட்டார்களா என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை மாசியைத் தட்டும்போது ஒரு விநாடி நினைத்துப் பாருங்கள். அந்தக் கறுத்த கட்டைக்குள் ஒரு சூரை இருக்கிறது. சூரைக்குப் பின்னால், வீசி எறியப்பட்ட ஒரு கை ரேஹி. ரேஹிக்குப் பின்னால், ஓட்டைப் படகில் இடுப்பொடிய நீர் இறைத்த இரண்டு பேர். அவர்களுக்கும் பின்னால், சலனமில்லாத தெளிந்த உள்கடலில் ஒரு பிடி மணல்.

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கச் சொன்னவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால், அந்தச் சின்ன மீனுக்கு எங்கே போவது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் அது கேட்க வேண்டிய கேள்வியாகவே இருந்திருக்காது.